தாமாரின் கதையை வாலிபர் கூட்டத்தில் யாரும் ஏன் பிரசங்கிப்பதில்லை?

வாலிபர் கூட்டத்தில் 'பரிசுத்தம்' என்று தலைப்புப் போட்டாலே என்ன வரும் என்று பிள்ளைகளுக்கு மனப்பாடம். படுக்கைக்கு அழைத்த போத்திபாரின் மனைவியிடமிருந்து யோசேப்பு ஓடினான், நீங்களும் ஓடுங்கள். ஜெபம். கூட்டம் முடிந்தது. பதினேழு வயதுப் பிள்ளைக்கு இதை மட்டும் சொல்லிவிட்டுப் பாலியல் கல்வி கொடுத்தோம் என்கிறோம். அதற்குள் கைப்பேசி அவர்களுக்கு வேறு பாடம் நடத்தி முடித்திருக்கும்.

இதைவிட மோசம் அந்தக் கசங்கிய ரோஜா. பூவை வரிசையாகக் கைமாற்றிவிட்டு, 'இனி இது யாருக்கு வேண்டும்?' என்று கேட்பார்கள். யாரோ ஒரு பெரியவரால் சீரழிக்கப்பட்ட பிள்ளை ஒன்று அந்த வரிசையில் உட்கார்ந்திருந்தால், அது எதைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகும்?

யோசேப்பை எடுக்கிறவர்கள் 2 சாமுவேல் 13-ஐயும் திறக்கட்டும். தாவீது ராஜாவின் மகன் அம்னோன், நோயாளிபோல நடித்து, வேறொரு தாய்க்குப் பிறந்த தன் தங்கை தாமாரை அறைக்குள் வரவழைக்கிறான். அவள் வேண்டாம் என்கிறாள். ஏன் வேண்டாம் என்றும் எடுத்துச் சொல்கிறாள். அவன் கேட்கவில்லை. எல்லாம் முடிந்ததும் அவளையே வெறுத்து, வெளியே தள்ளிக் கதவைப் பூட்டச் சொல்கிறான். அவளுடைய உடன்பிறந்த சகோதரன் அப்சலோம் அவளைச் சும்மாயிருக்கச் சொல்கிறான். தாவீது ராஜாவுக்குக் கோபம் வருகிறது, அதோடு சரி. சம்மதம், நம்பியவனே செய்யும் துரோகம், குடும்ப மானத்துக்காக மூடி மறைப்பது எல்லாம் ஒரே அதிகாரத்தில் இருக்கிறது. இதற்குமேல் என்ன பாடத்திட்டம் வேண்டும்? (தாவீதின் மௌனம் எத்தனை சபைக் கமிட்டிகளில் இன்னும் உட்கார்ந்திருக்கிறது என்பது தனிப் பதிவாகிவிடும்.)

'சபையில் இதெல்லாம் பேசலாமா?' என்கிற மூப்பர்களுக்கு: கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கமே 1965-ல், வளரும் பிள்ளைகளுக்கு விவேகமான பாலியல் கல்வி தரவேண்டும் என்று எழுதி வைத்தது. 2016-ல் போப் பிரான்சிஸ் குடும்பத்தைப் பற்றிய தன் மடலில் இதற்கென்றே ஒரு பகுதி ஒதுக்கினார்.

உறுதிமொழி அட்டையில் கையெழுத்து வாங்கினால் போதும் என்பவர்களும் உண்டு. திருமணம்வரை காத்திருப்பேன் என்ற இயக்கம் 1993-ல் அமெரிக்காவின் சதர்ன் பாப்டிஸ்ட் சபைகளில் தொடங்கியது. பியர்மன், ப்ரூக்னர் என்ற இரு சமூகவியலாளர்கள் இத்தகைய உறுதிமொழிகளை ஆராய்ந்து 2001-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். கையெழுத்துப் போட்டவர்களில் பலர் சராசரியாக ஒன்றரை வருடம் தள்ளிப்போட்டது உண்மை. ஆனால் மீறியவர்கள் கருத்தடைப் பாதுகாப்பைப் பயன்படுத்துவது மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. காத்திருக்கச் சொல்வது தப்பில்லை. சபை அதைச் சொல்லத்தான் வேண்டும். மற்றதையெல்லாம் சொல்லாமல் விடுவதுதான் தப்பு.

என்னைக் கேட்டால், ஞாயிறு பள்ளியில் கை, கால், கண் சொல்லிக்கொடுக்கும் வயதிலேயே அந்தரங்க உறுப்புகளின் பெயரையும் கூச்சமில்லாமல் சொல்லவேண்டும். 'யாரிடமும் சொல்லாதே' என்று பெரியவர் யாராவது, அது போதகராகவே இருந்தாலும், சொன்னால் உடனே வந்து சொல் என்று பழக்கவேண்டும். வகுப்புக்கு முன் பெற்றோரை உட்காரவைத்து, என்ன பேசப்போகிறோம் என்று ஒளிவுமறைவில்லாமல் காட்டவேண்டும். வகுப்பில் எப்போதும் பெரியவர்கள் இரண்டு பேர். சபையில் நர்ஸோ டாக்டரோ இருந்தால் கட்டாயம் ஒருவர்.

பிறகு ஒரு பெட்டி. பெயர் போடாமல் கேள்வி எழுதிப் போடட்டும். 'சுயஇன்பம் பாவமா?', 'மாதவிலக்கு நேரத்தில் நற்கருணை எடுக்கலாமா?', 'என் படத்தைக் கேட்கிறான், அனுப்பாவிட்டால் விட்டுவிடுவானா?' என்றெல்லாம் சீட்டு வரும். வாசிக்கிறவருக்கு முகம் சுளிக்கத் தோன்றினால், சீட்டை அடுத்தவரிடம் கொடுத்துவிடட்டும்.