காத்திருக்க முடியாத பழம்

இந்தோனேசியாவின் சுமத்ராத் தீவில் ஜாம்பி மாகாணத்தில் சுங்கை பஹார் என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்குள்ள ஊர்களுக்கு ஜாவாக்காரர்கள் வைத்த மங்கலமான பெயர்கள் உண்டு, ஆனால் வழி கேட்டால் யூனிட் நாலு, யூனிட் பத்து என்றுதான் சொல்வார்கள். 1980களில் அரசாங்கம் காட்டை வெட்டி, கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, ஜாவாவிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து இறக்கியபோது வைத்த எண்கள். பேரப்பிள்ளைகள் காலம் வந்தும் எண் போகவில்லை.

நம்மிடையே பாமாயில் பேச்சு எடுத்தால் ஒன்று மாரடைப்பில் போய் முடியும், இல்லையென்றால் ஓராங்குட்டானில் போய் முடியும். இரண்டும் பேச வேண்டியவைதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இந்தோனேசியாவின் எண்ணெய்ப்பனைப் பரப்பில் ஏறக்குறைய 40 சதவீதம் சிறு விவசாயிகளுடையது, அந்த எண்ணெயை உலகத்திலேயே அதிகமாக இறக்குமதி செய்வது இந்தியா, தமிழ்நாட்டு ரேஷன் கடையில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கிற பாக்கெட்டும் அந்த வழியில் வருவதுதான். அப்படியிருக்க, இரண்டு ஹெக்டேர் வைத்திருக்கும் அந்த விவசாயி எப்படி இருக்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. கொஞ்ச காலம் அந்தப் பக்கம் வேலையாகப் போய்வந்துகொண்டிருந்தவன் என்பதால் எனக்கு இதில் சொல்ல ஒன்று இருக்கிறது.

முதலில் அவர்கள் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்பது. ஜாவாவில் ஜனம் அதிகம், நிலம் குறைவு, மற்ற தீவுகளில் நேர்மாறு, ஆகவே ஆட்களை நகர்த்துவோம் என்ற யோசனை டச்சுக்காரர்களுடையது. 1905இல் 155 குடும்பங்களை சுமத்ராவின் தென்கோடியான லாம்புங்கில் உள்ள கெடொங் தத்தானுக்கு அனுப்பித் தொடங்கினார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் அதே திட்டம் தொடர்ந்தது, அதிபர் சுகார்த்தோ காலத்தில் உலக வங்கிக் கடனோடு பூதாகாரமாக வளர்ந்தது. 1979இலிருந்து 1984க்குள் மட்டும் 5 லட்சம் குடும்பங்களை நகர்த்துவது இலக்கு. பலகை வீடு ஒன்று, கொஞ்சம் நிலம், மண்வெட்டி, தொடக்க காலத்துக்கு அரிசி, கருவாடு, மண்ணெண்ணெய். அவ்வளவுதான், பிழைத்துக்கொள். போன இடத்து மண்ணோ அமிலம் மிகுந்தது, நெல் வைத்தால் பதராகப் போகும். ஊருக்கே திரும்பியவர்கள் நிறைய.

1980களின் நடுவில்தான் நெல்லை விட்டு எண்ணெய்ப்பனைக்கு மாறியது திட்டம். நடுவில் கம்பெனியின் பெரிய தோட்டமும் ஆலையும், சுற்றிலும் குடியேறியவர்களின் பங்கு. அந்தப் பங்குக்கு அவர்கள் சொல்லும் பெயர் பிளாஸ்மா. குடும்பத்துக்கு இரண்டு ஹெக்டேர் பனை, வீட்டோடு சேர்த்து அரை ஹெக்டேர். மரம் காய்க்கும் வரை கம்பெனித் தோட்டத்தில் கூலி வேலை, காய்த்த பிறகு பழத்தை அதே ஆலைக்குப் போட்டு, வருகிற பணத்தில் தோட்டம் போட்டுக்கொடுத்த கடனுக்குப் பிடித்தம் போக மீதி கையில். கடன் முடிந்தால் பட்டா. பட்டா அநேகமாக ஆண் பெயரில்தான், தோட்டத்தில் குனிந்து உதிரிப் பழம் பொறுக்குவது பெண்ணாக இருந்தாலும்.

அவர்கள் இன்று பரிதாபத்துக்குரிய நிலையில் இல்லை, இதையும் சொல்லிவிட வேண்டும். செங்கல் வீடு, தரையில் டைல்ஸ், வாசலில் ரெண்டு பைக், பிள்ளைகள் ஜாம்பியிலோ யோக்யகர்த்தாவிலோ கல்லூரியில். வியாழக்கிழமை ராத்திரி ஆண்கள் ஒரு வீட்டில் கூடி குர்ஆனின் யாசீன் அத்தியாயம் ஓதுகிறார்கள், பெண்களுக்கு மாதாமாதம் குலுக்கல் சீட்டு, குழந்தைகளை எடை போட ஊர்ப் பெண்களே நடத்தும் போஸ்யாண்டு. ஜாவாவில் கால் ஏக்கரில் கிடந்திருந்தால் இதில் பாதி வந்திருக்காது என்று அவர்களே சொல்வார்கள். நம்புகிறேன்.

ஆனால் அந்த நல்வாழ்வு முழுக்க ஒரு பழத்தின் குணத்தில் தொங்குகிறது. எண்ணெய்ப்பனைக் குலையை வெட்டினால் ஒரு நாளைக்குள் ஆலைக்குப் போயாக வேண்டும். நேரம் ஆக ஆக எண்ணெயில் அமிலம் ஏறும், தரம் இறங்கும், விலையைக் கழிப்பார்கள். வெட்டாமலும் விட முடியாது, பத்து நாள் பதினைந்து நாளுக்கு ஒரு வெட்டு, தவறினால் பழுத்து உதிர்ந்து போகும். வீட்டில் வைத்துத் தின்னவும் முடியாது, நாலு மூட்டை கட்டிப் போட்டு விலை ஏறட்டும் என்று இருக்கவும் முடியாது. நெல் வைத்திருப்பவன் குதிரில் கொட்டிவிட்டு வியாபாரியிடம் போய்விட்டு அடுத்த மாதம் வா என்று சொல்லலாம். அதே ஜாம்பியில் ஆற்றோரத்து மலாய்க்காரர்கள் தலைமுறையாக ரப்பர் வைத்திருக்கிறார்கள், அவர்கள்கூட ரப்பர் பாளத்தைக் குளத்தில் ஊறப்போட்டு வாரக்கணக்கில் காத்திருப்பார்கள். ஊறினால் எடையும் கூடும், அது வேறு கணக்கு. பனைக்காரனுக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. பணம் வந்தது, பேரம் பேசும் பலம் போனது. என்னைக் கேட்டால் அந்த ஊர்களின் கதையே இதுதான்.

அதனால்தான் அங்கே சாலை என்பது உயிர்ப் பிரச்சினை. மழைக்காலத்தில் அந்தச் செம்மண் களிமண்ணாகி, லாரி அச்சு வரை இறங்கிவிடும். ஒரு லாரி குறுக்கே சிக்கினால் பின்னால் வருகிற பத்து லாரிப் பழமும் அன்றைக்கு நாசம். பக்கத்து ஆலை இரண்டு நாள் பழுது என்றாலும் அதே கதி. பிளாஸ்மா விவசாயிக்காவது மரத்தின் வயதைப் பார்த்து மாகாண அளவில் நிர்ணயிக்கும் விலை இருக்கிறது. சொந்தமாக நிலம் வாங்கி நட்டவர்கள் தோக்கே எனப்படும் தரகரிடம்தான் போட வேண்டும், காம்பு என்று கொஞ்சம், ஈரம் என்று கொஞ்சம் எடையில் கழித்துக்கொண்டு அவர் சொல்வதுதான் விலை. மகள் கல்யாணத்துக்குக் கடன் கொடுத்தவரும் அவராகவே இருப்பார், அப்புறம் எங்கே சண்டை போடுவது?

2022இல் இது பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. உக்ரைன் போரால் உலகச் சந்தையில் எண்ணெய் விலை எகிற, உள்நாட்டில் சமையல் எண்ணெய் கிடைக்காமல் மக்கள் வரிசையில் நிற்க, அரசாங்கம் ஏப்ரல் 28ஆம் தேதி பாமாயில் ஏற்றுமதியையே நிறுத்தியது. ஆலைகளின் தொட்டிகள் நிரம்பின, பழம் வாங்குவதைக் குறைத்தார்கள். மே 17 அன்று விவசாயிகள் ஜகார்த்தாவில் ஆர்ப்பாட்டம் செய்தார்கள், 23ஆம் தேதி தடை நீங்கியது. நீங்கியும் கப்பல் அனுமதி இழுத்தடித்ததில் தொட்டிகள் காலியாகவில்லை, ஏப்ரல் தொடக்கத்தில் கிலோ 3,000 ரூபியாவுக்கு மேல் போன பழம் ஜூலையில் பல இடங்களில் 1,000 ரூபியாவுக்கும் கீழே விழுந்தது. உரம் விலையோ அதே போரால் மேலே. இங்கே நாம் எண்ணெய் விலையைத் திட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அங்கே பழம் வெட்டுகிற கூலிக்குக்கூடக் கட்டாமல் மரத்திலேயே விட்டவர்கள் இருந்தார்கள்.

இன்னொரு தரப்பும் இருக்கிறது, அதை விட்டுவிட்டு எழுதுவது நேர்மையாக இருக்காது. அந்தக் கட்டங்களை வரைவதற்கு முன்பு அது ஆளில்லாக் காடாக இருக்கவில்லை. பாத்தின் செம்பிலான் என்ற பூர்வகுடிகள் அங்கே காட்டை நம்பி வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அவர்களைக் கேட்டு யாரும் கோடு போடவில்லை. கம்பெனித் தோட்டங்களோடு அவர்களுக்கு இருக்கும் நிலத்தகராறு இன்றும் ஓயவில்லை. ஜாவாவிலிருந்து வந்த ஏழையிடம் பட்டா இருக்கிறது, காலங்காலமாக இருந்தவனிடம் இல்லை. 2015இல் இந்தோனேசியா முழுக்க 26 லட்சம் ஹெக்டேர் காடும் நிலமும் எரிந்து, ஜாம்பியில் பள்ளிக்கூடங்களை மூடிய அந்தப் புகையை மட்டும் இரு தரப்பும் சமமாகவே சுவாசித்தார்கள்.

இப்போது அடுத்த சிக்கல், மரங்களுக்கு வயதாகிவிட்டது. எண்ணெய்ப்பனை இருபத்தைந்து வருஷம் வரை நன்றாகக் காய்க்கும், அப்புறம் காய்ப்பு குறையும், மரமும் வானத்துக்கு வளர்ந்து, நீளக் கழியில் கட்டிய அரிவாளுக்கும் எட்டாது. வெட்டி மறுநடவு செய்தால் மூன்று நான்கு வருஷம் வருமானம் கிடையாது, இடையில் சோளமோ தர்ப்பூசணியோ போட்டுச் சமாளிக்க வேண்டும். இதற்கு அரசாங்கம் 2017இலிருந்து மானியம் தருகிறது. ஹெக்டேருக்கு 25 மில்லியன் ரூபியாவில் தொடங்கி, 2024இல் 60 மில்லியன் ஆக்கினார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பட்டாவை ஜாமீனாக வங்கியில் வைத்தவர், நிலம் வனத்துறை வரைபடத்துக்குள் வருகிறது என்று சொல்லப்பட்டவர், வாங்கிய நிலத்துக்கு வெறும் வெள்ளைத்தாள் ஒப்பந்தம் வைத்திருப்பவர், இவர்களெல்லாம் வரிசைக்கு வெளியே.

எனக்குக் கோபம் வருவது அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்க்கும்போதுதான். பாமாயில் ஏற்றுமதிக்குப் போடும் தீர்வையில் 2015இலிருந்து ஒரு நிதி சேர்க்கிறார்கள். ஏற்றுமதியாளர் அந்தத் தீர்வையைத் தன் லாபத்திலிருந்து கட்டுவதில்லை, ஆலை கொடுக்கும் விலையில் குறைத்துவிடுகிறார், கடைசியில் அது குலை வெட்டுகிறவர் தலையில் விழுகிறது. அப்படிச் சேர்ந்த நிதியில் பெரும்பகுதி பாமாயிலிலிருந்து பயோடீசல் தயாரிக்கும் பெரிய நிறுவனங்களுக்கு விலை மானியமாகப் போயிருக்கிறது, மறுநடவுக்குப் போனது சொற்பம். பயோடீசல் வந்ததால் பழத்துக்குத் தேவை கூடியது, விலை தாங்கி நிற்கிறது என்று பதில் சொல்வார்கள். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. ஆனாலும் அந்தத் தொகையில் ஒரு நல்ல பங்கைச் சாலைக்கும், கூட்டுறவுச் சங்கங்களுக்குச் சொந்தமான ஆலைக்கும் போட்டிருக்கலாம். ஒரு சங்கத்தால் தனியாக ஆலை கட்ட முடியாது, அவ்வளவு முதல் தேவை. நாலைந்து யூனிட் சேர்ந்தால், இந்த நிதியும் கைகொடுத்தால், நடக்காத காரியம் இல்லை. பழம் காத்திருக்காது, ஆனால் எண்ணெயைத் தொட்டியில் வைத்துக் காத்திருக்க முடியும். தொட்டி யாருடையது என்பதுதான் கேள்வி, அதைச் சிறு விவசாயியின் கையில் கொடுக்க அங்கே இதுவரை யாரும் அவசரப்படவில்லை.