6ஜி என்றால் செல்போன் இல்லை தம்பி

ஞாயிற்றுக்கிழமை ராமநாதபுரம் மகாலில் நடந்த வேலை வழிகாட்டி முகாமின் வீடியோவை எனக்கே 17 பேர் அனுப்பிவிட்டீர்கள். நன்றி. ஆமாம், பெயரை மட்டும் கறுப்படித்துத் திரையில் காட்டியது என் சிவிதான். மாதிரிக்கு இருக்கட்டும் என்று அக்கா மகனிடம் கொடுத்திருந்தேன். அவன் நல்ல எண்ணத்தில் அங்கே நீட்டிவிட்டான். அவனை யாரும் திட்ட வேண்டாம், இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

"நாட்டில் 5ஜியே முழுசா வரல, சார் 1998லயே 6ஜி பாஸ் பண்ணிட்டார்!" முகாமில் பேசிய ஹெச்ஆர் தம்பி இப்படிச் சொன்னதும் மகாலே சிரித்தது. அவருக்குத் தெரியாது, சரி. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஐடிஐ வெல்டர் பையன்களும் சேர்ந்து சிரித்தார்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், 6ஜி என்பது வெல்டர்களுக்கு வைக்கிற ஒரு டெஸ்ட். பைப்பை 45 டிகிரி சாய்த்து அசையாமல் கட்டிவிடுவார்கள். அதைத் திருப்பக் கூடாது. நாம்தான் குனிந்து, மண்டியிட்டு, கழுத்தை ஒடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வெல்ட் அடிக்க வேண்டும். அப்புறம் எக்ஸ்ரே எடுப்பார்கள். அதில் தேறினால் 6ஜி. நான் மூன்றாம் தடவைதான் தேறினேன்.

அந்த ஒரு வரிக்காகத்தான் மும்பை ஏஜென்ட் என்னைக் கூப்பிட்டார். அப்போது என் பயோடேட்டா ஒரே பக்கம். கீழக்கரையில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் அடித்தது. தகப்பனார் தொழில் என்ற இடத்தில் "பிசினஸ்னு போட்டுரவா?" என்று கேட்டார் அந்த அக்கா. கூட வந்திருந்த அப்பா, "கடல்னு போடும்மா" என்றார். பத்தாம் வகுப்பு மார்க், தெரிந்த மொழிகள், பொழுதுபோக்கு தபால்தலை சேகரிப்பு (வாழ்க்கையில் ஒரு தபால்தலை சேர்த்ததில்லை) எல்லாம் இருந்தது. 6ஜி மட்டும் கொட்டை எழுத்தில், உச்சியில்.

2007ல் வெல்டிங் இன்ஸ்பெக்டர் ஆனேன். 6ஜி இரண்டாம் பக்கத்துக்குப் போனது. 2011ல் ஏபிஐ 510 எழுதினேன், பிரஷர் வெசல் இன்ஸ்பெக்டர்களுக்கான பரீட்சை. மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய சமாச்சாரம் அது. மேலே அது ஏறியதும் 6ஜி இன்னும் கீழே இறங்கியது. இப்போது நாலாம் பக்கம். இறங்கிக்கொண்டேதான் வந்திருக்கிறது, வெளியே போகவில்லை. ஏன் என்கிறீர்களா? நான் ஒரு வெல்டை ரிஜெக்ட் பண்ணும்போது எதிரே நிற்கிற வெல்டர் கேட்பான்: "சார், நீங்க ராடு பிடிச்சிருக்கீங்களா?" அவனுக்குப் பதில் அந்த வரிதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே முகாமில் டாவின்சியின் கடிதத்தைக் காட்டி "உலகின் முதல் ரெஸ்யூமே" என்று கைதட்டு வாங்கினார் தம்பி. 1480களில் மிலான் ஆட்சியாளருக்கு எழுதியது. பாலம் கட்டுவேன், பீரங்கி செய்வேன் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, ஓவியமும் வரைவேன் என்று கடைசியில்தான் வருகிறது. ஓவியத்தை அவர் எடுக்கவில்லை, கீழே இறக்கினார். நானும் அதைத்தானே செய்திருக்கிறேன்? டாவின்சி செய்தால் டெக்னிக், பாம்பன்காரன் செய்தால் காமெடி.

"நாலு பக்கத்தை யாருண்ணே படிப்பாங்க" என்பீர்கள். நியாயம்தான். கோட் போட்ட போட்டோ, மதம், பாஸ்போர்ட் நம்பர் எல்லாம் எடுத்துவிடலாம், ஒப்புக்கொள்கிறேன். அவற்றை வைக்கச் சொன்னவர்களும் உங்களைப் போன்ற ஆபீஸ்காரர்கள்தான் என்பதை மட்டும் ஞாபகம் வையுங்கள். சிவிகளைச் சலிக்கிற கம்ப்யூட்டர், கட்டம் போட்ட டேபிளைச் சரியாகப் படிக்காதாம். சரி, அதையும் எடுக்கிறேன். எடுப்பது எனக்குப் புதிதில்லை. 27 வருடமாக எடுத்துக்கொண்டேதான் இருக்கிறேன். ஒரு வரியை எடுக்கச் சொல்லும் முன், அது எதற்காக அங்கே வந்தது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவ்வளவுதான் என் கோரிக்கை.

6ஜி ஜோக்கைக்கூட விட்டுவிடுவேன். அடுத்து ஒன்று சொன்னாரே. 2016 முதல் 2018 வரை "வீட்டில், தந்தையின் உடல்நலம்" என்று எழுதியிருப்பதைக் காட்டி, "இதெல்லாம் சென்டிமென்ட். ஃப்ரீலான்ஸ் கன்சல்டன்ட்னு மாத்திருங்க, யாரும் கேக்க மாட்டாங்க" என்றார்.

ரூட்டில், அதாவது வெல்டின் அடியில், குறையை வைத்துவிட்டு, கேப் என்கிற மேல் அடுக்கை மட்டும் பளபளவென்று ஓட்டியிருப்பார்கள். அதைக் கண்டுபிடித்து ரிஜெக்ட் பண்ணத்தான் 18 வருடமாக எனக்குச் சம்பளம். அதே வேலையை என் பேப்பரிலேயே செய்யச் சொல்கிறார்.

அப்பாவுக்குப் பக்கவாதம். வலது பக்கம் விழுந்துவிட்டது. கச்சான் காற்று அடிக்கும் நாட்களில் திண்ணையில் தூக்கி உட்கார வைத்தால், இடது கையை நீட்டிக் கரையில் கிடக்கும் எங்கள் வள்ளத்தைக் காட்டுவார். அதை விற்றே மூன்று வருடம் ஆகியிருந்தது. விற்றவன் நான். அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை. இதற்குக் கன்சல்டன்ட் என்று பெயர் வைக்கட்டுமா தம்பி?

இன்று ராத்திரி மருமகனும் நானும் உட்கார்ந்து அவனுக்கு ஒரு சிவி எழுதப்போகிறோம். பயப்படாதீர்கள், அரைப் பக்கம்கூட வராது. அவனுக்கு 20 வயது, 3ஜி (நிமிர்த்தி நிறுத்திய தகட்டில் அடிக்கிற டெஸ்ட்) மட்டும் தேறியிருக்கிறான். தகப்பனார் தொழில் போட வேண்டுமா மாமா என்று இப்போதே கேட்டுவிட்டான்.