ஒற்றைக்கால் கடைசியில்தான்

முதியவர்கள் தடுமாறி விழாமல் இருக்கச் சமநிலைப் பயிற்சி சொல்லும் ஒரு கட்டுரை, எழுபது வயதுக்காரர்களை எடுத்த எடுப்பிலேயே கண்ணை மூடி ஒற்றைக்காலில் 30 விநாடி நிற்கச் சொல்கிறது. தயவுசெய்து வேண்டாம். கண்ணை மூடினால் பாத உணர்வும், உடல் சமநிலையை உணரும் உள்காதும்தான் துணை; சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர் அப்படியே சாய்ந்துவிடுவார்.

சமையல் மேடை ஓரமாக, வெறுங்காலோடு, உலர்ந்த தரையில் தொடங்குங்கள். பிளாஸ்டிக் நாற்காலியைப் பிடித்தால் அதுவும் கூடவே சாயும். முதலில் பாதங்களைச் சேர்த்து நிற்பது. பிறகு ஒரு பாதத்தை அரையடி முன்னே நகர்த்தி, அதன் குதிகால் மற்றதன் பெருவிரலின் பக்கவாட்டில் ஒட்டினாற்போல் வைப்பது. அடுத்தது ஒரே கோட்டில்: முன்கால் குதி, பின்கால் விரல்நுனியைத் தொடவேண்டும். கையின் துணையை இரண்டு கை, ஒரு கை, இரண்டு விரல் என்று குறைத்துக்கொண்டே வாருங்கள். பிடிக்காமல் 10 விநாடி நிற்க முடிந்தால்தான் அடுத்த நிலை. ஒற்றைக்கால் இவை எல்லாவற்றுக்கும் பிறகுதான். கோட்டில் 10 விநாடி தாங்காதவருக்கு விழும் அபாயம் அதிகம். அவர் பிசியோதெரபிஸ்டைப் பார்ப்பது நல்லது.

பலரும் செய்யும் தவறு, காலையே பார்ப்பது. தலை குனிந்தால் உடல் எடை முன்னே போய்விடும். எதிர்ச்சுவரில் கண் மட்டத்தில் இருக்கும் காலண்டரைப் பார்க்கலாம். மூச்சையும் அடக்கக் கூடாது.

தொடை பலம் இல்லாமல் இதெல்லாம் பாதிதான். கையூன்றாமல் நாற்காலியிலிருந்து 10 தடவை எழுந்து உட்காரட்டும். நாற்காலி சுவரோடு ஒட்டியிருக்கட்டும்.