சலுகை தருவதற்கு முன் ஊரைக் கேளுங்கள்

காற்றாலைக்கும் சூரிய மின்சாரத்துக்கும் சலுகைகளை அள்ளிக் கொடுக்கும் அரசு, அவற்றால் பக்கத்து நிலத்துக்கும் பக்கத்து வீட்டுக்கும் என்ன ஆகிறது என்பதையும் அளந்து பார்க்க வேண்டும் என்று சொன்னால் போதும், "இவர் வளர்ச்சிக்கு எதிரானவர்" என்று முத்திரை குத்திவிடுகிறார்கள். ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிலக்கரிப் புகையைவிடக் காற்றாலை எவ்வளவோ மேல். அது பெருக வேண்டும் என்று மனதார விரும்புகிறவன் நான். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்திலுள்ள கொழிஞ்சாம்பாறையிலிருந்து கிழக்கே எந்தச் சாலையைப் பிடித்தாலும் அரை மணி நேரத்துக்குள் தமிழ்நாடு வந்துவிடும். மேற்குத் தொடர்ச்சி மலை இடைவெளி விட்ட பாலக்காட்டுக் கணவாய் இது. தென்மேற்குப் பருவக்காற்று இந்த வாசல் வழியாகப் புகுந்து பொள்ளாச்சி, உடுமலை, தாராபுரம் வரை வீசுகிறது. அங்கே காற்றாடிகள் வரிசை கட்டி நிற்கின்றன. தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது; கேரளத்தில் அது இன்னும் 100 மெகாவாட்டைக்கூடத் தொடவில்லை. கஞ்சிக்கோட்டில் மின்வாரியம் 1995-இல் நிறுவியது, அகளி, ராமக்கல்மேடு, பிறகு தனியார் சில என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். இனி இந்தப் பக்கமும் வரும், வரத்தான் வேண்டும். வருவதற்கு முன் கிழக்கே என்ன நடந்தது என்று பார்ப்பதுதானே முறை?

அப்படிப் பார்க்க வேண்டிய கட்டாயம் சட்டத்தில் இல்லை. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலில் காற்றாலை கிடையாது. சூரிய ஒளித் தகடுகளால் மின்சாரம் எடுக்கும் திட்டங்களுக்கும் அந்த அனுமதி தேவையில்லை என்று சுற்றுச்சூழல் அமைச்சகம் பின்னர் தெளிவுபடுத்திவிட்டது. புகை இல்லை, சாம்பல் இல்லை என்பதால் கொடுத்த விலக்கு அது. காரணம் புரிகிறது. ஆனால் அந்த விலக்கோடு சேர்ந்து இன்னொன்றும் போய்விட்டது: மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம். பெரிய அனல்மின் நிலையம் வருகிறது என்றால் ஆட்சியர் முன்னிலையில் மைக்கைப் பிடித்து நாலு வார்த்தை பேசலாம். காற்றாடி வருகிறது என்றால், லாரி வரும்போதுதான் ஊருக்கே தெரிகிறது.

உடுமலையை அடுத்த குடிமங்கலம் பக்கம் என் அத்தை வீடு இருக்கிறது. தோப்புக்கு மேற்கே ஒரு காற்றாடி. வெயில் சாயும் நேரத்தில் றெக்கையின் நிழல் வாசலைக் கடந்து, ஜன்னல் வழியாக அடுப்படிச் சுவரில் விழும். விழும், விலகும், விழும், விலகும். விளக்கை யாரோ விடாமல் போட்டுப் போட்டு அணைப்பது போல இருக்கும். முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருக்கும் அத்தை, அந்த நேரம் வந்தால் முறத்தோடு எழுந்து கிழக்குத் திண்ணைக்குப் போய்விடுவார். "இதைப் பற்றி யாராவது வந்து விசாரித்தார்களா அத்தை?" என்று கேட்டேன். "நிலம் கேட்க வந்தார்கள் கண்ணு. அதற்கப்புறம் யாரும் எதையும் கேட்க வரவில்லை" என்றார். அங்கிருந்து இரண்டு காடு தள்ளி, கிரேன் போவதற்காக மண்ணைக் கொட்டி உயர்த்திய பாதை ஒன்று, மழைத்தண்ணீர் குட்டைக்குப் போகும் வழியை மறித்துக்கொண்டு கிடக்கிறது. ஒரு குழாய் பதித்திருந்தால் தீர்ந்திருக்கும் சங்கதி.

இவை தீர்க்க முடியாத கேடுகள் என்று நான் சொல்லவில்லை. நேர்மாறாக, எளிதில் தீர்க்கக்கூடியவை. ஜெர்மனியில் ஒரு வீட்டின் மேல் காற்றாடி நிழல் ஆடக்கூடிய நேரத்துக்கு வரம்பு வைத்திருக்கிறார்கள்: நாளுக்கு 30 நிமிடம், ஆண்டுக்கு 30 மணி நேரம். வரம்பு தாண்டும் நிலை வந்தால் இயந்திரமே நின்றுகொள்ளும்படி கருவி பொருத்துகிறார்கள். அளந்தார்கள், விதி வகுத்தார்கள். நம்மிடம் அளவும் இல்லை, விதியும் இல்லை.

அளந்தால் எதிர்பாராத செய்திகளும் கிடைக்கும். 2018-இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் மகாராஷ்டிரத்தின் சால்கேவாடி பீடபூமியில் செய்த ஆய்வு வெளிவந்தது. காற்றாலைகள் உள்ள இடத்தில் வேட்டையாடும் பறவைகள் வெகுவாகக் குறைந்திருந்தன. அவை பிடித்துத் தின்னும் ஓணான்கள் பெருகியிருந்தன. அதோடு நிற்கவில்லை, அந்த ஓணான்களின் உடல்நிலையும் நடத்தையுமே மாறியிருந்தன. பருந்து குறைந்தால் எலி என்ன ஆகும் என்பது நிலக்கடலை போடும் எங்களுக்கு ஏட்டுக் கேள்வி இல்லை. எங்கள் கணவாயில் இப்படி ஓர் ஆய்வை அரசு செய்தால் அதன் ஒவ்வொரு பக்கத்தையும் படிக்க நான் தயார்.

இப்போது சலுகைக்கு வருகிறேன். இங்கேதான் எனக்கு ஆதங்கம் அதிகம்.

காற்றாலைக்கு நெடுங்காலம் கொடுத்த பெரிய சலுகை விரைவுபடுத்தப்பட்ட தேய்மானம். காற்றாடிக்கு ஆன செலவில் 80 சதவீதத்தை முதல் ஆண்டிலேயே லாபத்தில் கழித்து வரியைக் குறைத்துக்கொள்ள முடிந்தது. தொழில்கள் நிறைந்த கொங்கு நாட்டில் இதன் ஈர்ப்பைச் சொல்லவே வேண்டாம். காற்றாடி எவ்வளவு மின்சாரம் தரும் என்பதைவிட, நிதியாண்டு முடிவதற்குள் அது எழுந்து நின்றுவிட்டதா என்பதே கேள்வியாகிப் போனது. 2009 டிசம்பரில் மத்திய அரசு வேறொரு வழியையும் திறந்தது. தேய்மானச் சலுகை வேண்டாம் என்பவர்களுக்கு, உற்பத்தியாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 50 காசு. நட்டு வைத்ததற்குக் காசு கொடுப்பது ஒரு வழி, ஓடியதற்குக் காசு கொடுப்பது இன்னொரு வழி. இரண்டாவதுதான் நேர்மையான வழி என்பது என் துணிபு.

2012 மார்ச் 31-உடன் இரண்டும் நின்றன. 3,000 மெகாவாட்டைத் தாண்டியிருந்த ஆண்டு நிறுவல், மறு ஆண்டிலேயே ஏறக்குறைய பாதியாகச் சரிந்தது. பிறகு இரண்டையும் திரும்பக் கொண்டுவந்தார்கள். 2017 ஏப்ரலிலிருந்து தேய்மானத்தை 40 சதவீதமாகக் குறைத்தார்கள். குறைந்த விலைக்கு மின்சாரம் தர முன்வருபவருக்கே திட்டம் என்ற ஏலமுறையும் அந்த ஆண்டிலேயே வந்தது. அப்படி வரிக் கணக்கை வைத்துத் தொடக்க காலத்தில் நட்ட 225, 250 கிலோவாட் குட்டை இயந்திரங்கள் இன்றும் நல்ல காற்றோட்டமுள்ள இடங்களை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. இன்று ஒரே இயந்திரம் 3 மெகாவாட் தருகிறது. பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்க மத்திய அரசு 2016-இல் கொள்கை வகுத்தும் வேலை ஆமை வேகத்தில்தான் நகர்கிறது. எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று தொடக்கத்திலேயே யோசித்திருந்தால் இந்தச் சிக்கலில் பாதி வந்திருக்காது.

இந்தச் சலுகை எதிலும் பக்கத்து வீட்டுக்காரருக்குச் சல்லிக்காசு கிடையாது. டென்மார்க்கில் 2009-இல் நடைமுறைக்கு வந்த சட்டம், காற்றாலைத் திட்டத்தின் 20 சதவீதப் பங்கை நாலரை கிலோமீட்டருக்குள் வசிப்பவர்களுக்கு விலைக்குத் தர முன்வர வேண்டும் என்றது. வீட்டின் மதிப்பு குறைந்தால் இழப்பீடும் உண்டு என்றது. இங்கேயோ நிலத்தை விற்றவருக்கு ஒரு தொகை, முதலீட்டாளருக்கு வரிச் சலுகை, நிழலும் இரைச்சலும் ஊருக்கு.

அட்டப்பாடியை யாரும் மறந்துவிடக் கூடாது. ஆதிவாசி நிலத்தைப் பாதுகாக்கக் கேரளத்தில் 1975-லேயே சட்டம் வந்திருந்தும், காற்றாலைகள் நின்ற நிலம் இருளர்களுடையது என்ற புகார் 2010-இல் வெடித்து அரசு விசாரணை வரை போனது. கோபுரங்களை நட்ட பிறகுதான் நிலம் யாருடையது என்ற கேள்வியே எழுந்தது. முன்கூட்டியே ஓர் ஆய்வு இருந்திருந்தால், முதல் பக்கத்திலேயே இதற்குப் பதில் எழுதியிருக்க வேண்டியிருக்கும்.

இழப்பைக் கணக்கிட அரசுக்குத் தெரியாது என்று பெருமாட்டிக்காரர்களிடம் யாரும் சொல்ல முடியாது. அந்த ஊராட்சியிலுள்ள பிளாச்சிமடாவில் நிலத்தடி நீரைக் கெடுத்த குளிர்பான ஆலை விவகாரத்தில் கேரள அரசு அமைத்த உயர்மட்டக் குழு, தண்ணீர், விவசாயம், உடல்நலம், கூலி இழப்பு என்று பிரித்துப் பார்த்து, 2010-இல் மொத்தம் 216.26 கோடி ரூபாய் என்று எழுதிக் கொடுத்தது. அந்தப் பணம் மக்களுக்குக் கிடைக்கவில்லை என்பது தனிச் சோகம். ஆனால் கணக்கிட முடியும் என்பது நிரூபணமாகிவிட்டது. அதே உழைப்பைச் சேதம் வருவதற்கு முன்னால் செலவிடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

சூரிய மின்சாரத்தில் எனக்கு நம்பிக்கை தரும் ஒரு விஷயம் இருக்கிறது. 2024-இல் வந்த பிஎம் சூர்ய கர் திட்டம் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் தருகிறது. நல்லதுதான், ஆனால் சொந்த மொட்டைமாடி இருப்பவர்களுக்கு. எங்கள் கிழக்குப் பகுதிக்குப் பொருந்துவது 2019-இல் வந்த குசும் திட்டத்தின் ஒரு பகுதி. ஏற்கெனவே மின் இணைப்புள்ள பம்புசெட்டுக்குச் சூரியத் தகடு வைத்து, மோட்டார் ஓடாத நேரத்து மின்சாரத்தை வாரியத்துக்கு விற்கலாம். மத்திய நிலத்தடி நீர் வாரியம் எங்கள் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் ஒன்றியத்தை அளவுக்கு மீறி நீர் உறிஞ்சப்பட்ட பகுதி என்று பல ஆண்டுகள் பட்டியலில் வைத்திருந்தது. இலவச மின்சாரம், தண்ணீரை இறைத்துக்கொண்டே இரு என்கிறது. இந்தத் திட்டமோ, மோட்டாரை நிறுத்தினால் காசு என்கிறது. இணைப்பு இல்லாத இடத்தில் தனிச் சூரிய பம்பு மட்டும் வைத்தால், மோட்டாரை நிறுத்தத் தூண்டும் அந்தக் காசு இல்லை. பகல் முழுக்க இறைக்கத்தான் தோன்றும். ஒரே வெயில், ஒரே தகடு, மானியம் கொடுக்கும் விதத்தில் கிணற்றின் கதி மாறுகிறது. இதை எந்த அதிகாரி எங்கள் கிணற்றுமேட்டில் நின்று அளந்து பார்த்தார்?

பழைய தகடுகளின் கதையும் சேர்த்துப் பார்க்கப்பட வேண்டும். 2022 மின்னணுக் கழிவு விதிகளில் சூரியத் தகடுகளைச் சேர்த்தார்கள்; ஆனால் அந்தக் கழிவை 2034-35 வரை சேமித்து வைத்தால் போதும் என்றும் எழுதினார்கள். எங்கே சேமிப்பது? புறம்போக்கு நிலம் இருக்கும் ஊர்களில்தான் என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

கேட்பது இதுதான். மானியமோ வரிச் சலுகையோ பெறும் ஒவ்வொரு பெரிய திட்டத்துக்கும், நடுவதற்கு முன் ஒரு முறையும் ஓடத் தொடங்கி மூன்றாம் ஆண்டில் மறுமுறையும் ஆய்வு நடக்க வேண்டும். காற்றுக்கு மாநில எல்லை இல்லை என்பதால் பாலக்காடும் கோவையும் திருப்பூரும் ஒரே ஆய்வுக்குள் வர வேண்டும். அறிக்கை மலையாளத்திலும் தமிழிலும் கிராம சபையில் வாசிக்கப்பட வேண்டும். சலுகையின் ஒரு பங்கு யூனிட் கணக்கில் ஊராட்சிக்கு வர வேண்டும்.

வரும் கிராம சபையில் இதை மனுவாகக் கொடுக்கப் போகிறேன். எருத்தேம்பதி, வடகரப்பதி, பெருமாட்டி நண்பர்கள் தங்கள் ஊராட்சியிலும் கொடுப்பதாக இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள், மனுவின் நகலை அனுப்புகிறேன். உடுமலை, தாராபுரம் பக்கத்து உறவுகளே, உங்கள் வீட்டுக்கும் காற்றாடிக்கும் எவ்வளவு தூரம், எந்த மாதத்தில் எந்த நேரத்தில் நிழல் விழுகிறது என்று குறித்து அனுப்பினால் மனுவோடு இணைத்துக்கொள்வேன்.