ப்ரீஃபெட்சை அழித்தால் கம்ப்யூட்டர் பறக்குமா?

'ரன் பெட்டியில் ப்ரீஃபெட்ச் என்று அடித்து, உள்ளே இருப்பதையெல்லாம் அழியுங்கள். பழைய கம்ப்யூட்டர் பறக்கும்' என்றொரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. பறக்காது. ப்ரீஃபெட்ச் என்பது விண்டோஸின் ஒரு ஃபோல்டர், குப்பைத்தொட்டி இல்லை. ஒரு புரோகிராம் திறக்க எந்தெந்த ஃபைல்கள் தேவைப்பட்டன என்று, 2001இல் வந்த எக்ஸ்பி காலத்திலிருந்தே விண்டோஸ் அங்கே குறித்து வைக்கிறது; அடுத்த முறை சட்டென்று எடுக்கத்தான். அழித்தால் முதல் தடவை இன்னும் மெதுவாகத் திறக்கும், அப்புறம் விண்டோஸே மறுபடி எழுதிக்கொள்ளும். சேதமில்லை, வீண் வேலை.

தற்காலிக ஃபைல்கள் சேரும் டெம்ப் ஃபோல்டர் கதை வேறு. அதை அழித்தால் கொஞ்சம் இடம் மிச்சம், அவ்வளவுதான்.

கம்ப்யூட்டர் ஏன் மெதுவாக இருக்கிறது என்று தெரிய, கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். சும்மா இருக்கும்போதும் டிஸ்க் 100% என்றே நின்றால், பெரும்பாலும் பழைய ஹார்ட் டிஸ்க்தான் திணறுகிறது. அதற்குப் பதிலாக எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்க்கைப் போட்டால் வித்தியாசம் தெரியும்.