15 நாள் கருணை

கார் ஏறுவதற்காக மூலைவீட்டுக்காரர் நடைபாதையை மறித்துப் போட்ட கான்கிரீட் சாய்தளம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. நேற்று அதன் படத்தை இங்கே போட்டதிலிருந்து உள்பெட்டியில் ஒரே அறிவுரை மழை. ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் சொல்லத் தெம்பில்லை, அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

"சுப்ரீம் கோர்ட் கையைக் கட்டிப் போட்டுடுச்சு சார், 15 நாள் நோட்டீஸ் இல்லாம தொட முடியாது" என்றார் நகராட்சியிலிருந்து வந்தவர். அதை நம்பி எனக்கே திருப்பி அனுப்புகிறீர்கள். 2024 நவம்பர் 13இல் வந்த புல்டோசர் தீர்ப்பு அது. குற்றம் சாட்டப்பட்டவர் வீடு என்பதற்காக இடிக்காதே, முன்னறிவிப்புக் கொடு, அவர் சொல்வதைக் கேள் என்றது. நல்ல தீர்ப்புதான். ஆனால் சாலை, தெரு, நடைபாதை, நீர்நிலை போன்ற பொது இடங்களில் அனுமதியின்றி எழுப்பியவற்றுக்கு இது பொருந்தாது என்றும் அதிலேயே எழுதியிருக்கிறதே! அந்த வரி மட்டும் எப்படிக் கண்ணில் படாமல் போனது? அதிகாரம் இருக்கிறது ஐயா.

நோட்டீஸே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1985இல் மும்பை நடைபாதைவாசிகளின் ஓல்கா டெல்லிஸ் வழக்கிலேயே, முன்னறிவிப்பில்லாமல் அகற்றச் சட்டம் இடம் கொடுத்தாலும் பொதுவாக அவர்கள் தரப்பைக் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. நடைபாதையை ஆக்கிரமிக்க யாருக்கும் உரிமையில்லை என்றும் சொன்னது. சரி, கொடுங்களேன் நோட்டீஸ். எட்டு மாதமாக மனு கொடுக்கிறேன், அந்த மூலைவீட்டு கேட்டில் ஒரு துண்டுக் காகிதம்கூட ஒட்டவில்லை.

நகராட்சிக்காரர் வந்து போன அதே வாரம்தான் இஸ்திரி அக்காவின் வண்டியைத் தூக்கிப் போனார்கள். பெட்டியில் கரி கனன்றுகொண்டிருந்தது, அதை இறக்கி வைக்கக்கூட விடவில்லை. 2014ஆம் ஆண்டுத் தெரு வியாபாரிகள் சட்டத்தில் அவரைப் போலத் தெருவில் சேவை செய்பவர்களும் அடக்கம். 30 நாள் முன்னறிவிப்பு கொடுக்காமல் அகற்றக் கூடாது. சட்டம் யாரைக் காப்பாற்றுகிறதோ அவருக்குப் பத்து நிமிடம், யாரைக் காப்பாற்றவில்லையோ அவருக்கு 15 நாள் கருணை. அந்த 15 நாளும் இன்னும் தொடங்கவே இல்லை.

"வண்டியும் ஆக்கிரமிப்புதானே?" வண்டியைத் தள்ளினால் நகரும். கான்கிரீட்டைத் தள்ளிப் பாருங்கள்.

"கார் வீட்டுக்குள் ஏற வேண்டாமா?" ஏறட்டும். சரிவை அவர் மனைக்குள் வைத்துக்கொண்டு ஏறட்டும்.

"உனக்கு அந்த வீட்டுக்காரர் மேல் காழ்ப்பு." ஆமாம், இருக்கிறது. மறைப்பானேன்? அப்பா வீடு கட்டியபோது, படியைத் தெருவில் இறக்கினால் முன்னறை பெரிதாக வரும் என்று கொத்தனார் எவ்வளவோ சொன்னார். அப்பா கேட்கவில்லை. மூன்று படியையும் நம் எல்லைக்குள் வைத்தார், முன்னறையில் இரண்டு அடி போயிற்று. பிழைக்கத் தெரியாதவர் என்று சிரித்தவர்களில் சிலர் என் நேற்றைய பதிவிலும் சிரிப்பு எமோஜி போட்டிருக்கிறார்கள். நன்றி.

அப்பாவுக்கு இப்போது வயது 79. கைத்தடியோடு அந்தச் சாய்தளத்தைச் சுற்றிக்கொண்டு நடுச்சாலைக்கு இறங்கித்தான் போக வேண்டும். போன மாதம் ஒரு பைக் உரசியது. அதிலிருந்து மொட்டைமாடியில்தான் நடை.

நேற்று இரவு பதிவைப் படித்துக் காட்டினேன். "விடுப்பா, படியை உள்ள வச்சது என் தப்பு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.