காபூல் எக்ஸ்பிரஸ்: வண்டி ஓட்டியவரின் கதை எங்கே?

கபீர் கான் இயக்கி 2006 டிசம்பரில் வெளிவந்த ‘காபூல் எக்ஸ்பிரஸ்’ படத்தை அண்மையில் மறுபடியும் பார்த்தேன். அந்த ஜீப்பில் ஐந்து பேர் போகிறார்கள். நான்கு பேருக்குக் கதை இருக்கிறது. ஐந்தாவது ஆளுக்கு வண்டியின் சாவி மட்டும் இருக்கிறது. போர்க்களத்தில் செய்தியாளர்களின் பயணத்தைச் சொல்லும் படங்களில் இதை அடிக்கடி காண்கிறோம். ஆனால் இந்தப் படத்தின் இயக்குநர் அந்த ஊரை அறிந்தவர் என்பதால் இங்கே அது கூடுதலாக உறுத்துகிறது.

கதை 2001 நவம்பரில் நடக்கிறது. அமெரிக்கக் குண்டுவீச்சுக்குப் பின் தாலிபான்கள் காபூலை விட்டு வெளியேறி, நவம்பர் 13 அன்று தாலிபான்களை எதிர்த்த வடக்குக் கூட்டணிப் படைகள் நகருக்குள் நுழைந்துவிட்ட நேரம் அது. தாலிபான் ஒருவரையாவது பேட்டி எடுத்துவிட வேண்டும் என்று இந்தியாவிலிருந்து சுஹேல் (ஜான் ஆபிரகாம்), ஜெய் (அர்ஷத் வார்சி) என்ற இரண்டு தொலைக்காட்சிச் செய்தியாளர்கள் வந்திருக்கிறார்கள். அமெரிக்கப் புகைப்படச் செய்தியாளர் ஜெசிகாவாக லிண்டா ஆர்செனியோ நடித்திருக்கிறார். வண்டி ஓட்டும் ஆப்கானியர் கைபராக வருபவர் ஹனீஃப் ஹம்கம். இவர்களைத் துப்பாக்கி முனையில் பிடித்து, பாகிஸ்தான் எல்லைவரை கொண்டுபோய் விடச் சொல்லும் இம்ரான் கான் அஃப்ரிதியாக லாகூரைச் சேர்ந்த சல்மான் ஷாஹித் வருகிறார். இந்தியரை இந்தியரும் ஆப்கானியரை ஆப்கானியரும் பாகிஸ்தானியரை பாகிஸ்தானியரும் அமெரிக்கரை அமெரிக்கருமே நடித்திருப்பது இந்திப் படவுலகில் அன்றும் அரிது, இன்றும் அரிது.

படத்தின் பலத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கபீர் கான் செய்தியாளர் சயீத் நக்வியுடன் ஒளிப்பதிவாளராகப் பல நாடுகளுக்குப் போனவர். ஆப்கானிஸ்தானில் ஆவணப்படங்கள் எடுத்தவர். அதனால்தான் படத்தை ராஜஸ்தானிலோ லடாக்கிலோ எடுத்துச் சமாளிக்காமல் ஆப்கானிஸ்தானுக்கே போனார். படக்குழுவுக்குக் கொலை மிரட்டல்கள் வந்ததையும், ஆயுதக் காவலுடன் படப்பிடிப்பு நடந்ததையும் அவரே சொல்லியிருக்கிறார். இடிந்த தாருல் அமான் அரண்மனையும், துருப்பிடித்த சோவியத் டாங்கிகள் கிடக்கும் சாலையோரங்களும் எந்தக் கலை இயக்குநராலும் அமைக்க முடியாதவை. சிறந்த அறிமுக இயக்குநருக்கான தேசிய விருது அவருக்குக் கிடைத்ததில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

இம்ரான் என்ற பாத்திரமும் துணிச்சலான படைப்பு. அவன் தாலிபான்களோடு சேர்ந்து போரிட அனுப்பப்பட்ட பாகிஸ்தான் ராணுவத்தான். 2001 நவம்பரில் வட ஆப்கானிஸ்தானின் குந்தூஸ் நகர முற்றுகையின்போது அங்கே சிக்கிய பாகிஸ்தானியர்கள் விமானங்களில் ரகசியமாக வெளியேற்றப்பட்டதாக அமெரிக்கச் செய்தியாளர்கள் எழுதினார்கள். பாகிஸ்தான் அதை மறுத்தது. விமானத்தில் இடம் கிடைக்காமல் போன ஒருவன் என்ன ஆவான் என்பதைத்தான் இந்தப் பாத்திரம் காட்டுகிறது. அனுப்பியவர்களே அவனைத் தெரியாது என்று கைவிரிக்கிறார்கள். கபில் தேவா, இம்ரான் கானா, யார் பெரிய ஆல்ரவுண்டர் என்று ஜெய்யும் அவனும் வாக்குவாதம் செய்யும் காட்சியில், துப்பாக்கி வைத்திருப்பவன் யார் என்பதையே பார்ப்பவர்கள் சற்று மறந்துபோகிறோம். சல்மான் ஷாஹிதின் நடிப்பு இல்லாவிட்டால் படம் அரை மணி நேரத்தில் சோர்ந்திருக்கும். (ஜெசிகா பாத்திரத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அமெரிக்கர் ஒருவர் வேண்டும் என்பதற்காக ஏற்றிக்கொண்ட பயணி என்றே தோன்றுகிறது.)

இப்போது கைபருக்கு வருகிறேன். எந்தப் பாதையில் கண்ணிவெடி இருக்கும், எந்தச் சோதனைச் சாவடியில் யாரிடம் எந்த மொழியில் பேச வேண்டும், எந்த ஊரில் இரவு தங்கக் கூடாது என்பதெல்லாம் அந்த ஐந்து பேரில் அவருக்குத்தான் தெரியும். தாலிபான்களின் ஆட்சியில் அந்த மண்ணிலேயே வாழ்ந்தவரும் அவர்தான். படம் அவருக்கு நகைச்சுவையைக் கொடுத்தது, கோபத்தைக் கொடுத்தது. அதோடு, ஆப்கானிஸ்தானின் சிறுபான்மையினரான ஹசாரா இன மக்களைக் கொள்ளையர்கள், கொடியவர்கள் என்று சொல்லும் வசனங்களின் பெரும்பகுதியையும் அவர் வாயில்தான் வைத்தது.

ஹசாராக்கள் யார் என்பதை அறிந்தால்தான் இந்த வசனங்கள் எவ்வளவு குரூரமானவை என்பது விளங்கும். 1890களில் ஆப்கானிஸ்தானை ஆண்ட அமீர் அப்துர் ரஹ்மான் கான் அவர்களை நசுக்கியபோது பெருந்தொகையினர் கொல்லப்பட்டார்கள், அடிமைகளாக விற்கப்பட்டார்கள். 1993 பிப்ரவரியில், முஜாஹிதீன் குழுக்கள் தங்களுக்குள் மோதிக்கொண்ட காலத்தில், காபூலின் அஃப்ஷார் பகுதியில் அவர்கள் படுகொலைக்கு ஆளானார்கள். 1998 ஆகஸ்டில் மசார்-இ-ஷரீஃப் நகரைத் தாலிபான்கள் பிடித்தபோது கொல்லப்பட்டவர்கள் குறைந்தது 2,000 பேர் என்று மனித உரிமை அமைப்புகள் மதிப்பிட்டன. அவர்களில் பெரும்பாலோர் ஹசாராக்கள். 2001 ஜனவரியில் பாமியான் மாகாணத்தின் யகாவ்லாங்கில் தாலிபான்கள் ஹசாரா ஆண்களைத் திரட்டிச் சுட்டார்கள். அதே ஆண்டு மார்ச்சில் தகர்க்கப்பட்ட பாமியான் புத்தர் சிலைகள் நின்றதும் ஹசாராக்களின் நிலத்தில்தான். ஆக, அதே 2001இன் நவம்பரில் நடக்கும் கதையில், தாலிபான்களால் மிக அதிகமாகப் பாதிக்கப்பட்ட ஒரு கூட்டத்தைப் பார்த்து, தாலிபானைவிட இவர்களுக்குத்தான் பயப்பட வேண்டும் என்ற எண்ணம் பார்வையாளருக்கு ஊட்டப்படுகிறது. ஆப்கானிஸ்தான் அரசு படத்தைத் தடை செய்ததில் வியப்பில்லை. தடை சரியான வழி என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அந்தக் கோபம் நியாயமானது.

பாத்திரத்தின் கருத்து இயக்குநரின் கருத்தாகாது என்று ஒரு நண்பர் இதற்குப் பதில் சொன்னார். அது உண்மைதான். இனத் துவேஷம் அந்த நாட்டில் இல்லாததல்ல. ஒரு காபூல் ஓட்டுநர் அப்படிப் பேசவும் கூடும். ஆனால் அந்தப் பேச்சுக்குப் பதில் சொல்லக்கூடிய ஹசாரா பாத்திரம் எதுவும் கதையில் இல்லையே. இரண்டு செய்தியாளர்களை நாயகர்களாக வைத்து எடுத்த படத்தில், உள்ளூர்க்காரர் சொல்வதை உள்ளூர்த் தகவலாகவே எடுத்துக்கொள்வது செய்தித் தொழிலின் அடிப்படைக்கே முரணானது. மேலும், ஹனீஃப் ஹம்கம் ஆப்கானிஸ்தானின் தோலோ தொலைக்காட்சியின் அங்கத நிகழ்ச்சி ஒன்றால் புகழ்பெற்ற கலைஞர். காபூல் தெருவில் அன்று அவரை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வசனம் எழுதியவரை அங்கே எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? படக்குழு விமானம் ஏறிய பிறகு அந்த வசனங்களுக்கு அங்கே யார் பதில் சொல்லியிருக்க வேண்டும் என்பதை இயக்குநர் யோசித்திருக்க வேண்டும்.

திரைக்கு வெளியேயும், ஆபத்தைச் சுமந்தும் பின்னணியில் நின்றவர்கள் ஓட்டுநர்களும் மொழிபெயர்ப்பாளர்களும்தான். 2001 நவம்பர் 19 அன்று, ஜலாலாபாத்திலிருந்து காபூலுக்குப் போன வாகன வரிசையை சரோபி அருகே வழிமறித்து, நான்கு செய்தியாளர்களை இறக்கிக் கொன்றார்கள். இத்தாலியின் மரியா கிராட்சியா குட்டுலி, ஸ்பெயினின் ஹூலியோ ஃபுவெண்டெஸ், ராய்ட்டர்ஸின் ஹாரி பர்ட்டன், ஆப்கானிஸ்தானில் பிறந்த ராய்ட்டர்ஸ் புகைப்படக்காரர் அஜிசுல்லா ஹைதரி ஆகியோர் அவர்கள். உயிர் தப்பி வந்த ஓட்டுநரும் மொழிபெயர்ப்பாளரும் சொல்லித்தான் நடந்தது என்ன என்று உலகுக்குத் தெரிந்தது. 2005 நவம்பரில் நிம்ரோஸ் மாகாணத்தில் தாலிபான்கள் கடத்திக் கொன்ற கேரளத்துக்காரர் மணியப்பனும், இந்தியாவின் எல்லைச் சாலை அமைப்பில் வேலை செய்த ஓட்டுநர்தான்.

இந்தப் படம் வெளிவந்து மூன்று மாதங்கள்கூட முடியாத நிலையில், 2007 மார்ச்சில், தாலிபான் தளபதி ஒருவரைப் பேட்டி எடுக்கத் தெற்கிலுள்ள ஹெல்மந்து மாகாணத்துக்குப் போன இத்தாலியச் செய்தியாளர் டேனியேலே மாஸ்ட்ரோஜாகோமோவும், அவருடைய ஓட்டுநர் சையது ஆகாவும், மொழிபெயர்த்து வழிகாட்டிய ஆப்கானியர் அஜ்மல் நக்ஷ்பந்தியும் கடத்தப்பட்டார்கள். பேட்டிக்காகப் போய்ச் சிக்கிக்கொள்வது என்ற அளவில் இது படத்தின் கதையேதான். ஓட்டுநரைத் தலையறுத்துக் கொன்றார்கள். ஐந்து தாலிபான் கைதிகளை விடுவித்து அதற்கு ஈடாக இத்தாலியர் மீட்கப்பட்டார். அஜ்மலுக்கு ஈடாகக் கொடுக்க எவரும் முன்வரவில்லை. ஏப்ரல் 8 அன்று அவரும் கொல்லப்பட்டார். வெளிநாட்டவர் உயிருக்கு ஒரு விலை, நம் உயிருக்கு ஒரு விலையா என்று காபூல் செய்தியாளர்கள் கொதித்தார்கள். வெளிநாட்டுச் செய்தியாளர்கள் ‘ஃபிக்ஸர்’ என்று அழைக்கும் இந்த உள்ளூர்க்காரர்களுக்குப் பெரும்பாலும் தினக்கூலிதான். கட்டுரையின் மேல் பெயர் வருவதும் அபூர்வம்.

‘காபூல் எக்ஸ்பிரஸ்’ படத்தைப் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். சல்மான் ஷாஹிதுக்காகவும், போரில் சிதைந்த அந்த நகரம் அப்போது எப்படி இருந்தது என்ற பதிவுக்காகவும் பார்க்கலாம். ஆனால் அதோடு, இயன் ஓல்ட்ஸ் எடுத்து 2009இல் வெளியான ‘ஃபிக்ஸர்: தி டேக்கிங் ஆஃப் அஜ்மல் நக்ஷ்பந்தி’ ஆவணப்படத்தையும் பாருங்கள். கடத்தலுக்கு முன்பு அமெரிக்கச் செய்தியாளர் கிறிஸ்டியன் பேரண்டியுடன் அஜ்மல் காரில் சுற்றிய பயணங்கள் அதில் பதிவாகியிருக்கின்றன. யாரைச் சந்திப்பது, யாரை நம்புவது என்று அவர் தீர்மானிப்பதை அதில் பார்த்துவிட்டு மீண்டும் கைபரைப் பார்த்தால், கபீர் கானிடம் இருந்தும் அவர் படமாக்காமல் விட்ட கதை எது என்பது தெரியும்.